நண்பகலில் எங்கே இருப்போம்? சிறு குழந்தைகளுடன் கடற்கரை விடுமுறை: ஓர் ஒப்பீடு

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "எந்த ஊர்?" என்பதாகவே இருக்கிறது. ஊர் முடிவான பிறகு அங்கே கிடைக்கிற விடுதி, விடுப்புக்குத் தோதான தேதி, கட்டுப்படியாகும் பயணச்சீட்டு என்று மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பெரியவர்கள் மட்டும் போகும் பயணத்துக்கு இந்த வரிசை போதும். சிறு குழந்தைகள் உடன் வரும்போது இது உதவாது. அவர்களுடைய நாளில் கடற்கரைக்கு உகந்த நேரம் இரண்டு துண்டுகளாகத்தான் கிடைக்கிறது: விழித்ததிலிருந்து காலை 10 மணி வரை ஒன்று, மாலை 4 மணிக்குப் பிறகு இருட்டும் வரை இன்னொன்று. நடுவில் இருக்கும் ஆறு மணி நேரம் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பகல் தூக்கத்துக்கும் போய்விடும். அந்த ஆறு மணி நேரத்தை எங்கே கழிக்கப் போகிறோம், அந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு எந்தத் தேர்வில் நல்ல விடை கிடைக்கிறதோ அதுவே நல்ல தேர்வு என்பது என் உறுதியான கருத்து. கடலின் பாதுகாப்பு ஒன்றுதான் இதற்கும் முந்தியது. மற்ற எல்லாவற்றையும் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே இங்கே ஒப்பிட்டிருக்கிறேன்.

இந்த நேரப் பிரிவுக்கு அடிப்படை உண்டு. வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் கதிர்க் குறியீடு 3ஐத் தொட்டாலே நிழல், தொப்பி, உடலை மூடும் உடை ஆகியவை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெயில் காலக் கடற்கரையில் நண்பகலில் அந்தக் குறியீடு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கை எளிதில் தாண்டிவிடும். ஆறு மாதம் நிறையாத குழந்தையை நேரடி வெயிலில் வைத்திருக்கவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. குடையை விரித்து அதன் கீழேயே நாளைக் கழித்துவிடலாம் என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல் நுரை ஏறத்தாழ 25 விழுக்காட்டையும் திருப்பி வீசுகின்றன. ஆகவே குடைநிழலில் இருப்பவருக்கும் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் கதிர் வந்துகொண்டேதான் இருக்கும். மூடிய சிறு கூடாரமோ, காற்று புகாவிட்டால் சிறிது நேரத்திலேயே வெளியைவிடச் சூடாகிவிடும். தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி நிழல் செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. கூரையும் காற்றோட்டமும் உள்ள ஓர் இடத்துக்குத் திரும்பி வருவதே சரியான வழி. அந்த இடம் அருகில் இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் மற்ற எல்லா முடிவுகளும் கிளைக்கின்றன.

எந்த வகைக் கடல்

ஒப்பிடத்தக்க கடற்கரைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: பெருங்கடலை நேராகப் பார்த்து நிற்கும் திறந்த கரை, இரு பக்கமும் நிலம் கைநீட்டி அணைத்த சிறு குடா, மணல்திட்டோ பவளத்திட்டோ தடுத்து அமைதியாக்கிய காயல் போன்ற நீர்ப்பரப்பு.

திறந்த கரை கண்ணுக்கு விருந்து. நீண்ட மணல், நல்ல காற்று, ஓயாமல் புரளும் அலை. ஆனால் இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே கணுக்கால் ஆழமே பெரிய ஆழம். அலை வந்து மோதும்போது குழந்தை தடுமாறும் என்று நாம் எதிர்பார்த்துக் கையைப் பிடித்திருப்போம். அலை திரும்பும்போதுதான் உண்மையில் குழந்தை விழுகிறது. பின்வாங்கும் தண்ணீர் காலுக்கு அடியிலிருந்த மணலை அரித்துக்கொண்டு போக, நின்ற இடத்திலேயே கால் புதைந்து, உடல் முன்பக்கம் சாய்ந்து, முகம் தண்ணீரில் படுகிறது. மூன்று அங்குலத் தண்ணீர்தான்; ஆனால் எழுந்துகொள்ளத் தெரியாத குழந்தைக்கு அதுவே போதும். இதோடு, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டங்களும் திறந்த கரைகளில் உண்டு. அலையால் கரைக்கு வந்து குவிந்த நீர் திரும்பிப் போக ஒரு குறுகிய பாதையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. இரு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் அமைதியாக, சற்றுக் கருத்த நிறத்தில் ஒரு பட்டை தெரியும். குழந்தைக்கு நல்ல இடம் தேடும் பெற்றோரின் கண் சரியாக அந்த அமைதிப் பட்டையில்தான் போய் நிற்கும். திறந்த கரையைச் சிறு குழந்தைகளுக்கு நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதற்காரணம்.

குடா இதற்கு நேர்மாறு. அலையின் வேகம் முனைகளிலேயே தணிந்துவிடுவதால் உள்ளே வரும் நீர் தளர்ந்தே வருகிறது. கரையின் சரிவையும் பார்க்க வேண்டும். சரிவை நேரில் போகாமலே ஓரளவு ஊகிக்க மணல் துணை செய்யும்: மாவுபோன்ற நுண்மணல் கரைகள் பெரும்பாலும் மெல்லச் சரியும், பருமணலும் கூழாங்கல்லும் உள்ள கரைகள் செங்குத்தாக இறங்கும். செங்குத்தான கரையில் இரண்டடி வைத்தால் இடுப்பளவு நீர். அலை காலடியிலேயே உடையும். ஆகவே புகைப்படத்தில் கடலின் நீலத்தைவிட மணலின் துகளைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும்.

காயல் மிக அமைதியானது, நீரும் இளஞ்சூடாக இருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அலை இல்லாத இடத்தில் நீர் மாறுவதும் குறைவு. பலத்த மழைக்குப் பிறகு வடிகாலும் ஆறும் கொண்டுவந்து சேர்க்கும் அழுக்கு அங்கே தங்கிவிடும். மழை விட்டு ஓரிரு நாட்களுக்கு ஆற்று முகங்களுக்கும் வடிகால்களுக்கும் அருகே குளிக்க வேண்டாம் என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் அறிவுறுத்துகின்றன. சிறு குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதில்லை. காயலின் வாயில், கடலோடு அது சேரும் குறுகிய இடத்தில், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) மாறும் வேளைகளில் நீர் ஆற்றுவேகத்தில் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் அமைதியைப் பார்த்து வாய்ப்பகுதியும் அப்படித்தான் என்று எண்ணிவிடுவது எளிது.

என் தேர்வு குடாவே. நீரின் தரம் முறையாகச் சோதிக்கப்படும் காயல் கிடைத்தால் அது அடுத்த இடம். ஒன்றரை வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை மட்டும் இருந்தால் இந்த வரிசையை மாற்றினாலும் தவறில்லை. அந்த வயதில் நீரின் வெதுவெதுப்பு மற்ற எதையும்விட முக்கியம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை உறிஞ்சும். சிறிய உடல் பெரிய உடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பாய்வதற்கும் நடுங்குவதற்கும் முன்பே கரையேற்றிவிட வேண்டும்.

எந்த வகையானாலும் உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கரைக்கும் இல்லாத கரைக்கும் இடையே ஒப்பீடே கிடையாது. ஆளரவமற்ற கரையின் தனிமை எவ்வளவு இனிமையானாலும், குழந்தைகளோடு போகும் ஆண்டுகளில் அதை ஒத்திவைக்கத்தான் வேண்டும். 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பல நாடுகளில் நடப்பில் உள்ள கொடி முறையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது: பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே உள்ள பகுதி கண்காணிக்கப்படும் பகுதி, இரட்டைச் சிவப்பு என்றால் யாரும் நீரில் இறங்கக் கூடாது, ஊதா நிறம் சொறிமீன் போன்ற கடலுயிர்களைப் பற்றிய எச்சரிக்கை. காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை பறந்தால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். காற்றடைத்த வளையம், மெத்தை எதையும் அப்போது நீரில் விடக் கூடாது. கைகளில் மாட்டும் காற்றுப்பைகளும் விளையாட்டுப் பொருள்களே. அவை உயிர்காப்பு அங்கிக்கு மாற்றாகா.

நீரின் தரத்தையும் வசதிகளையும் அறிய 'நீலக் கொடி' சான்று ஒரு நல்ல தொடக்கம். 1985இல் பிரான்சில் தொடங்கிய இத்திட்டம் இன்று சுமார் 50 நாடுகளில் இருக்கிறது. நீர்ச் சோதனை முடிவுகளைக் கரையில் அறிவிப்பது, உயிர்காப்பாளர்களோ உயிர்காப்புக் கருவிகளோ இருப்பது, கழிப்பறை வசதி எனப் பல நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் சான்று கிடைக்கும். அதையும் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். சான்று இல்லாத கரை மோசமானது என்று ஆகிவிடாது. இரண்டு கரைகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்கும்போது இதைக் கொண்டு முடிவெடுக்கலாம்.

ஓதத்தைப் பற்றி ஒரு சொல். சில கடல்களில் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்கே தெரிவதில்லை. மத்தியதரைக் கடலின் பல இடங்களில் வேறுபாடு அரை மீட்டரைக்கூட எட்டாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலோ அது 16 மீட்டர் வரை போகிறது. நீங்கள் போகும் கரை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேனும் இருக்கும். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், முதல் நாள் காலை 9 மணிக்கு வற்றி நிற்கும் கடல் ஏழாம் நாள் பிற்பகல் 2 மணிக்குத்தான் அப்படி வற்றும். மெல்லச் சரியும் கரையில் வற்று நேரக் காலைகள் சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கும் பெரிய வரம்: மணற்பள்ளங்களில் தேங்கிய முழங்காலுக்குக் கீழான நீர், சிப்பி, சிறு நண்டு, ஓடிப் பழக அகலமான ஈரமணல். தேதியில் நெகிழ்வு இருக்குமானால் அந்த ஊரின் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்று காலையில் வரும் நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். அட்டவணை பெரும்பாலான கரைகளுக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. இவ்வளவு எளிய வேலையை மிகச் சில குடும்பங்களே செய்கின்றன என்பது எனக்கு ஆதங்கம்.

எங்கே தங்குவது

பணத்தில் பெரும்பகுதி போவதும், விடுமுறை ஓய்வாகுமா வேலையாகுமா என்பது தீர்மானமாவதும் இங்கேதான். காலை 10 மணிக்குக் கரையிலிருந்து திரும்பும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தோளில் பாதித் தூக்கத்தில் சின்னது. உப்பும் மணலும் ஒட்டிய அதன் கால்கள் இடுப்பில் உரசுகின்றன. மறு கையில் ஈரத் துண்டுகள் திணித்த பை. பின்னால் பெரியது, சூடேறிவிட்ட மணலில் கால் வைக்க மாட்டாமல், தன்னையும் தூக்கச் சொல்லி நிற்கிறது. வாளியும் சிறு மண்வெட்டியும் யார் கையிலும் இல்லாமல் தண்ணீரோரம் கிடக்கின்றன. இந்த நடை 150 மீட்டரானால் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். 800 மீட்டரானால், நடுவில் ஒரு சாலையும் இருந்தால், மறுநாள் காலை "இன்றைக்குப் போகத்தான் வேண்டுமா?" என்ற பேச்சு வந்துவிடும். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் பெரிய, மலிவான அறையைவிட அருகில் இருக்கும் சிறிய அறைக்கே என் வாக்கு. வாகனத்தில் ஐந்து நிமிடம்தான் என்று விளம்பரத்தில் சொல்லப்படும் தூரத்தை நான் அருகாகக் கணக்கிடுவதில்லை. ஈர உடையோடு குழந்தையை இருக்கையில் கட்டி, நிறுத்த இடம் தேடி, மறுபடி அவிழ்ப்பதற்குள் பகல் தூக்கம் வண்டியிலேயே தொடங்கிக் கெட்டுவிடும்.

விடுதி அறை, சமையலறையோடு கூடிய குடியிருப்பு, எல்லாம் உள்ளடங்கிய ரிசார்ட் என்ற மூன்றில் எது என்பது குழந்தையின் வயதைப் பொறுத்தது. விடுதி அறையின் வசதி தெரிந்ததே: படுக்கையை யாரோ விரித்துவிடுவார்கள், துண்டு மாற்றுவார்கள், சாப்பாடு கீழே கிடைக்கும். அதன் குறை இரவு எட்டு மணிக்குத் தெரியவரும். ஒரே அறையில் குழந்தை தூங்கியதும் பெற்றோர் இருவரும் விளக்கை அணைத்துவிட்டு, குரலை அடக்கி, கைபேசி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பகல் தூக்கத்தின்போதும் இதே கதை. மூத்த குழந்தை ஒன்று விழித்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். இடையே கதவுள்ள இரண்டு அறைகள், அல்லது ஒரு நல்ல பால்கனி, இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். பால்கனி என்றதும் அதன் கம்பி இடைவெளியையும் கேட்டுவிட வேண்டும். பல நாட்டுக் கட்டட விதிகள் ஏறத்தாழ 10 செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கின்றன. பழைய கட்டடங்களில் அப்படி இருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. கம்பியருகே நாற்காலியோ மேசையோ கிடந்தால் அதை உள்ளே இழுத்துப் போடுவது அறைக்குள் நுழைந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை.

குடியிருப்பில் நேரம் நம்முடையது. குழந்தை பசிக்கும்போது சாப்பிடும், கஞ்சியோ பாலோ நினைத்தபோது சூடாகும், துவைக்கும் இயந்திரம் இருந்தால் கொண்டுபோகும் துணி பாதியாகும். ஆனால் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெருக்குவதும் வீட்டிலிருந்து கூடவே வந்துவிடுகின்றன. அவை பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் எந்த வேளைக்குப் பொறுப்பு என்று கிளம்புமுன் பிரித்துக்கொள்ளாத குடும்பத்தில், ஒருவர் மட்டும் விடுமுறை இல்லாமலே ஊர் திரும்புவார்.

ரிசார்ட்டின் விலையில் பெரும்பங்கு நாம் பயன்படுத்தாதவற்றுக்காகப் போகக்கூடும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மன்றம் இருக்கிறது என்பது கவர்ச்சியான செய்தி. ஆனால் அவற்றில் பல மூன்று அல்லது நான்கு வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையுடைய பெற்றோர் அந்த வசதிக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. நான்கைந்து வயதானால் கணக்கு மாறும். நீச்சல் குளம் கடல் கொந்தளிக்கும் நாட்களில் கைகொடுக்கும் என்பதும், ஆழமில்லாத குழந்தைக் குளம் இருந்தால் நன்று என்பதும் உண்மைதான். ஆனால் குளத்தை நோக்கிக் கதவு திறக்கும் தரைத்தள அறையைச் சிறு குழந்தையோடு நான் ஒருபோதும் எடுக்க மாட்டேன். குளத்தைச் சுற்றி வேலியும் தானாகத் தாழிட்டுக்கொள்ளும் கதவும் இருக்கின்றனவா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

என் தீர்ப்பு இது: ஒரு வயது வரை விடுதி அறை, பால்கனியோடு, ஒன்றிலிருந்து மூன்று வயது வரை கரையோரக் குடியிருப்பு, நான்கு வயதுக்கு மேல், பணம் அனுமதித்தால், ரிசார்ட்டையும் எண்ணிப் பார்க்கலாம். எதுவானாலும் முன்பதிவு செய்யுமுன் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அறையிலிருந்து மணல் வரை நடந்து எத்தனை நிமிடம், நடுவில் சாலையோ படிக்கட்டோ உண்டா, திரைச்சீலை பகலில் அறையை இருட்டாக்குமா, மணல் கழுவ வெளியே குழாய் இருக்கிறதா, குழந்தைக் கட்டில் உறுதியாகக் கிடைக்குமா. தெளிவாகப் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம். "எல்லா வசதியும் இருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த இடத்தைப் பார்ப்பது நல்லது.

எப்போது போவது

பள்ளிக்குப் போகாத குழந்தை இருக்கும் சில ஆண்டுகள் மட்டுமே ஒரு குடும்பத்துக்குத் தேதியில் முழு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் பள்ளி விடுமுறை வாரங்களிலேயே போவது வீண். உச்சப் பருவத்துக்கு முன்பா, பின்பா என்பதே ஒப்பிட வேண்டிய கேள்வி. நான்கு பருவமும் தெளிவாக மாறும் நாடுகளில் பின்பு என்பதே விடை. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதால், காற்றின் வெப்பம் உச்சத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் நீர் அதிக வெதுவெதுப்பை அடைகிறது. கோடை தொடங்கும் மாதத்தில் வெயில் சுட்டெரித்தாலும் நீர் சில்லென்று இருக்கும். கோடை தணியும் மாதத்தில் வெயில் இளகி, நீர் இதமாக இருக்கும். சிறு குழந்தைக்கு வேண்டியது இரண்டாவது.

இதற்கு எதிரே நிற்பவையும் உண்டு. பல கரைகளில் உயிர்காப்பாளர்கள் உச்சப் பருவத்தில் மட்டுமே பணியில் இருப்பார்கள். கோடை முடிந்த வாரத்தில் கோபுரங்கள் வெறுமையாகிவிடும். சில கடல்களில் நீர் சூடேறும் மாதங்களே சொறிமீன்கள் மிகும் மாதங்களுமாகும். வெப்பமண்டலத்தில் கணக்கே வேறு: அங்கே வெப்பம் அல்ல, மழையும் புயலும்தான் பருவத்தை வகுக்கின்றன. ஒரே நாட்டின் இரு கரைகளில்கூட மழைக்காலம் வெவ்வேறாக இருக்கலாம். அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று வகுக்கப்பட்டிருப்பதுபோல, வெப்பமண்டலக் கடல்கள் பலவற்றுக்கும் ஒரு புயல் பருவம் உண்டு. அந்த மாதங்களில் கிடைக்கும் மலிவு விலையை, கட்டணத்தைத் திரும்பத் தரும் நிபந்தனையோடு மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். உயிர்காப்பாளர் பணி முடியும் தேதியை அறிந்து, அதற்கு முந்திய இரண்டு வாரங்களுக்குள் பயணத்தை அமைப்பது எல்லாவற்றையும் ஓரளவு சமன் செய்யும்.

எப்படிப் போவது

வண்டி, ரயில், விமானம் மூன்றையும் ஒப்பிடும்போது பயணச்சீட்டில் உள்ள நேரத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது. வீட்டு வாசலில் பூட்டுப் போட்டதிலிருந்து விடுதி அறையில் குழந்தையைப் படுக்க வைக்கும் வரையான நேரமே உண்மையான பயண நேரம். ஒன்றரை மணி நேர விமானப் பயணம் இந்தக் கணக்கில் ஆறு மணி நேரம் ஆகிவிடும். ஐந்து மணி நேர வண்டிப் பயணம் இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தினாலும் அதோடு போட்டியிடும். சொந்த வண்டியில் மூட்டையை எண்ண வேண்டியதில்லை, பகல் தூக்கத்தின் நேரம் பார்த்துக் கிளம்பலாம். ஆனால் ஓட்டுபவர் களைத்தால் குடும்பமே களைத்ததாகும். ரயிலில் குழந்தை எழுந்து நடக்கலாம், கழிப்பறை அருகில் இருக்கிறது. நேரடி ரயில் இருக்குமானால் ஒன்றரை முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். விமானத்தில் இறங்கும் வேளையில் காதடைப்பால் குழந்தை அழும். அப்போது பால் குடிக்கவோ விழுங்கவோ ஏதாவது கொடுத்தால் அடைப்பு இளகும். பெரும்பாலான விமான நிறுவனங்களில் இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம் என்பதால் செலவு குறைகிறது. ஆனால் தனி இருக்கையில், குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையில் கட்டி அமர்த்துவதே பாதுகாப்பானது.

நேர மண்டலம் மாறும் தொலைவைக் குறுகிய விடுமுறைக்குத் தவிர்க்கலாம். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு உடல் பழக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. நான்கு மணி நேர வேறுபாடுள்ள ஊருக்கு ஐந்து நாட்கள் போனால், பகல் தூக்கம் ஒழுங்குக்கு வருவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும்.

யாரோடு, எத்தனை நாள்

பெற்றோர் இருவர் மட்டும் போவதா, தாத்தா பாட்டியையோ இன்னொரு குடும்பத்தையோ சேர்த்துக்கொள்வதா என்பதில் நான் சேர்த்துக்கொள்ளும் பக்கம். பகல் தூக்கத்துக்கு ஒருவர் காவலிருக்க மற்றவர்கள் வெளியே போக முடிவது பெரிய விடுதலை. ஆனால் கூட்டம் கூடக் கூட நீரோரத்தில் ஓர் ஆபத்தும் கூடுகிறது: ஆறு பெரியவர்கள் இருக்கும் இடத்தில், வேறு ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஆறு பேரும் நினைத்துவிடலாம். மூழ்குபவர் கை வீசிக் கத்துவார் என்று நாம் எண்ணுகிறோம். மூழ்கத் தொடங்கியவரால் குரல் கொடுக்கவோ கையசைக்கவோ முடிவதில்லை என்பதையும், நீரின் மேல்மட்டத்தில் அந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிகளே நீடிக்கும் என்பதையும் அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா கண்டு விளக்கினார். ஆகவே எத்தனை பேர் போனாலும், நீரோரத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். அவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, சிறு குழந்தையிடமிருந்து கை எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இந்த ஒழுங்குக்கு ஒத்துக்கொள்ளாத குழுவோடு போவதைவிடத் தனியாகப் போவது மேல். குழந்தைகளுக்கு நீலம், வெள்ளை நிற நீச்சலுடைகளைத் தவிர்த்துவிட்டுப் பளிச்சென்ற ஆரஞ்சு போன்ற நிறங்களை உடுத்துவது கண்காணிப்பவரின் வேலையைக் குறைக்கும். நீலமும் வெள்ளையும் நீரில் கலந்து மறைந்துவிடும்.

வெவ்வேறு வயதுக் குழந்தைகள் இருந்தால் யாருக்காகத் தேர்ந்தெடுப்பது என்பதும் பலரைத் திணறவைக்கிறது. சின்னதை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பேன். அலையில்லாத குடாவில் ஆறு வயதுக் குழந்தை சலித்துப்போவதில்லை. ஒரு மண்வெட்டியும் ஈரமணலும் அதற்குப் போதும். தோண்டும் குழி அதன் முழங்கால் ஆழத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆழமான மணற்குழி பக்கச்சுவர் சரிந்து ஆளை மூடிவிடும். மாறாக, பெரியதுக்காக அலைக்கரையைத் தேர்ந்தெடுத்தால் சின்னதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாள் முழுவதும் நிற்க வேண்டியிருக்கும்.

நாட்களைப் பொறுத்தவரை, மூன்று இரவா, ஏழு இரவா என்று கேட்டால் ஐந்து என்பேன். முதல் நாள் பயணத்திலும் புது இடத்தின் கலக்கத்திலும் போய்விடும். பல குழந்தைகள் அந்த இரவு சரியாகத் தூங்குவதில்லை. கடலைக் கண்டு அஞ்சி அழுத குழந்தை பழகி இறங்குவதற்கு இன்னும் ஓரிரு நாள் தேவைப்படலாம். மூன்று இரவில் அந்தப் பழக்கம் கைகூடும் வேளையில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். ஏழு இரவு நன்றுதான், ஆனால் அந்தப் பணத்தில் ஐந்து இரவை மணலுக்கு இன்னும் அருகில், இன்னும் ஓர் அறை கூடுதலாக எடுக்க முடியுமானால் அதையே எடுக்க வேண்டும். மூன்று இரவுதான் முடியும் என்ற நிலையில், வாசலிலிருந்து அறைவரை நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ஊர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றுள் ஒரு குடாவைத் தேடலாம். அறையை மதியம் காலி செய்தாக வேண்டுமா, மாலை வரை வைத்துக்கொள்ள இடம் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்; கடைசி நாளின் பகல் தூக்கத்துக்கும் ஒரு கூரை வேண்டும்.